உயிரோடு திரும்பியவரின் மனு எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர்ப் பிழை, சுடுகாட்டுப் பாதை ஆக்கிரமிப்பு, இப்படித்தான் பெரும்பாலும் வரும். நடுவில் மாதத்துக்கு மூன்று நான்கு, போலீஸ் மேல் புகார். அந்த மனுவுக்கு வருகிறவர் குரலைத் தாழ்த்துவார். ஸ்டேஷன் பெயரைச் சொல்லும்போது ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்ப்பார். எல்லாம் அடித்து முடித்து பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்த பிறகு, "எம் பேரைப் போட்டே ஆகணுமா?" என்று கேட்பார்.

போன வருஷம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் லோடுமேன். காப்பர் வயர் திருட்டு விசாரணை என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கூட்டிப் போய், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விட்டிருக்கிறார்கள். வரும்போது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கைது இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, புகார் வந்ததற்கு அடையாளமாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கூட இல்லை. அதாவது காகிதப்படி பார்த்தால் அந்த மனிதர் அன்று ஸ்டேஷனுக்குள்ளேயே போகவில்லை. அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்றுதான் இருந்தது, அதிலும் "கீழே விழுந்ததில் காயம்" என்று எழுதியிருந்தது. கூட வந்த போலீஸ்காரர் அப்படிச் சொல்லியிருக்கிறார், டாக்டரும் எழுதிவிட்டார், இவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நான் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று இருந்தது.

மனு அடித்துக் கொடுத்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் சீல் குத்தி நம்பர் போட்டார்கள். அங்கிருந்து எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து டி.எஸ்.பி., டி.எஸ்.பி.யிடமிருந்து "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி இன்ஸ்பெக்டர். எந்த இன்ஸ்பெக்டர் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டாவது நாள் அந்த அம்மாவுக்கு போன், மனு விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க என்று. என் கடைக்கு ஓடி வந்தார். "நான் யாரைப் பத்தி எழுதினேனோ அங்கிருந்துதாண்ணே கூப்பிடுறாங்க, போகலாமா, போகக் கூடாதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. போனார்கள். ரைட்டர் மேசையில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த காகிதத்தில், 'மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அவருக்கு இடது கையில்தானே கட்டு, கையெழுத்துக்குத் தொந்தரவில்லை. ரெண்டு நாளில் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது.

அதற்கடுத்த வாரம் மஃப்டியில் ஒருவர் என் கடைக்கு வந்து ஆதார் ஜெராக்ஸ் ஒன்று எடுத்தார். இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு, "இந்த மனுவெல்லாம் நீங்கதான் அடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதட்டவில்லை, மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று சாயங்காலம் நான் சீக்கிரமாகக் கடையைச் சாத்திவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் மேல் புகார் என்றாலே நம் பேச்சு சாத்தான்குளத்துக்கும் மடப்புரத்துக்கும் போய்விடுகிறது. போக வேண்டியதுதான். 2020 ஜூனில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்து போனார்கள். சிறைக்குப் போகும் முன் மருத்துவச் சான்று வாங்கியிருந்தார்கள், நடுவர் ரிமாண்ட் செய்திருந்தார், சட்டத்தில் சொன்ன படியெல்லாம் ஏறித்தான் போனார்கள், ஒரு படியில் கூட யாரும் நிறுத்தி "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. இறந்த பிறகுதான் எல்லாம் நடந்தது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக வழக்கை எடுத்தது. நீதித்துறை நடுவர் விசாரிக்கப் போனார், அங்கே தன்னை ஒருமையில் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அவரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அப்புறம் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாசில்தார் கையில் போலீஸ் ஸ்டேஷன், நினைத்துப் பாருங்கள். நடுவருக்கே அந்த மரியாதை என்றால் லோடுமேன் சம்சாரத்துக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

2025 ஜூன் மடப்புரத்திலும் அதே கதைதான். காரில் இருந்த நகையைக் காணவில்லை என்ற புகாருக்கு, எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல், கோயில் காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படை அழைத்துப் போனது, மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. மறைந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்த சில நொடி வீடியோ இருந்ததால் வழக்கு அமுங்கிப் போகாமல் நிலைத்தது, காவலர்கள் கைதானார்கள், சி.பி.ஐ.க்குப் போனது, முதலமைச்சர் தாயாரிடம் போனில் வருத்தம் தெரிவித்தார். அந்த செல்போன் அன்று சார்ஜ் இல்லாமல் இருந்திருந்தால்? இதை நான் அடிக்கடி யோசிப்பேன்.

இரண்டிலும் கவனியுங்கள், செத்தால்தான் கதவு திறக்கிறது. காவலில் ஒருவர் இறந்தாலோ, காணாமல் போனாலோ, பாலியல் வன்கொடுமை நடந்தாலோ நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-வது பிரிவிலும் இருக்கிறது. நல்லது. ஆனால் கை ஒடிந்து, பல் போய், காது கேளாமல், உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்ட மனிதனுக்கு இந்தக் கதவு இல்லை. தனியாக வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம், யார் வேண்டாம் என்றார்கள், ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்கு அது நடக்கிற காரியமா. 2023-ல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்களின் பற்களைப் பிடுங்கினார்கள் என்று ஒரு பெரிய அதிகாரி மேல் புகார் வந்தபோது, சார் ஆட்சியர் விசாரணை, அதன் மேல் ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் உயர்மட்ட விசாரணை, பிறகு சி.பி.சி.ஐ.டி. என்று ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஊர் கொதித்த பிறகு ஒரு புதுப் பந்தல் போடுகிறோம், கூட்டம் கலைந்ததும் பிரித்துவிடுகிறோம். நிரந்தரமாக ஒரு வீடு கட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?

2006 செப்டம்பர் 22. பிரகாஷ் சிங் வழக்கு. வழக்குப் போட்டவர் போலீஸைப் பிடிக்காத யாரோ இல்லை, உத்தரப் பிரதேச டி.ஜி.பி.யாகவும் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் இருந்த அதிகாரி. 1996-ல் போட்டார், பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு. அதில் சொன்ன பல விஷயங்களில் ஒன்று காவல் புகார் ஆணையம். மாநில அளவில் ஒன்று, எஸ்.பி. அந்தஸ்துக்கும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மீதான புகார்களுக்கு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில். மாவட்டத்துக்கு ஒன்று, டி.எஸ்.பி. வரைக்கும் உள்ளவர்களுக்கு, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில். அந்த நீதிபதியையும் அரசு தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, மாநிலத்துக்குத் தலைமை நீதிபதி தரும் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும், மாவட்டத்துக்கு அவரோ அவர் நியமிக்கும் நீதிபதியோ தரும் பட்டியல். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை மட்டுமில்லை, மிரட்டிப் பணம் பறிப்பது, நிலத்தையோ வீட்டையோ அபகரிப்பது, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்வது எல்லாமே மாவட்ட ஆணையத்துக்கு வரலாம். ஆணையம் சொன்னால் துறை நடவடிக்கையோ வழக்கோ போட்டே ஆக வேண்டும். நேரில் போய் விசாரிக்கத் தனி ஆள்பலமும் தரச் சொல்லியிருக்கிறது. என் மனுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது போதும்.

நம் மாநிலம் என்ன செய்தது? 2013-ல் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அதிலும் மாநிலப் புகார் ஆணையம் உண்டு, மாவட்டப் புகார் ஆணையம் உண்டு, பெயரெல்லாம் அச்சு அசல் அப்படியே. ஆனால் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் ஏ.டி.எஸ்.பி.யும். நீதிபதி என்ற சொல்லே காணோம். இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் போடப்பட்டன. முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அந்த அம்மாவின் மனு போன வழி இதுதானே? ஆட்சியர், எஸ்.பி., அப்புறம் கீழே. சட்டம் இல்லாமலே நடந்துகொண்டிருந்த ஊர்வலத்துக்கு ஆணையம் என்று ஒரு பேனர் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆட்சியர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திருவிழா பந்தோபஸ்து, சாலை மறியல், தேர்தல், மந்திரி வருகை என்று விடிந்தால் அடைந்தால் எஸ்.பி.யோடு சேர்ந்து ஓட வேண்டியவர், அதே எஸ்.பி.யின் ஆட்கள் மேல் பக்கத்து நாற்காலியில் அவரையே வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்வார்? பஞ்சாயத்தில் கூட எதிர்த்தரப்பின் மாமனை நாட்டாமை பக்கத்தில் உட்கார வைக்க மாட்டோம்.

அண்டையில் கேரளத்தில் 2011 காவல் சட்டத்திலேயே மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் அதிகாரிகள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், அங்கேயும் காவல் மரணம் இல்லாமல் போய்விடவில்லை, ஆனால் மனு கொடுக்கிறவர் ஏறும் படி வேறு ஒரு கட்டடத்தின் படி. வட அயர்லாந்தில் 2000-ம் ஆண்டிலிருந்து போலீஸ் புகார்களுக்கென்றே ஒரு தனி அலுவலகம் இருக்கிறது, அவர்களே சொந்தமாக விசாரணை அதிகாரிகளை வைத்துக்கொண்டு போலீஸை விசாரிக்கிறார்கள். குண்டும் துப்பாக்கியுமாக முப்பது வருஷம் கிடந்த இடத்தில் முடிந்தது, இங்கே முடியாதா?

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, நானே எத்தனையோ மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன், சிலருக்கு இழப்பீடும் வந்திருக்கிறது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லிவிட்டது, அது பெரிய விஷயம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அலுவலகம் சென்னையில், இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது: ஆணையத்துக்கான விசாரணைப் பிரிவையே ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரியின் கீழ் அரசு கொடுக்க வேண்டும் என்றுதான் 1993 சட்டம் சொல்கிறது. அங்கே சுற்றி இங்கே சுற்றி கடைசியில் காக்கியிடமே வந்து நிற்கிறோம்.

கேமரா கதையும் இதேதான். சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது, ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று நடுவர் அறிக்கையில் இருந்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சரி, அந்த லோடுமேன் விஷயத்தில் பன்னிரண்டு நாள் கழித்துப் பதிவைக் கேட்டிருந்தால் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? ஸ்டேஷன் பொறுப்பாளரிடம். கேமராவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதானே கேள்வி. வெளியாள் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் போய் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு வர அதிகாரம் இருந்தால், அந்த பயத்திலேயே பாதி கை ஒடியாமல் தப்பிக்கும்.

போலீஸ்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஏட்டுகள் உண்டு, கடையில் வந்து டீ குடிப்பவர்கள். பொய்ப் புகார் வரும் என்பார்கள். வரும்தான், அவ்வப்போது என்னிடமே வரும், வாய்த்தகராறில் எதிர்த்தரப்பு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று எஸ்.ஐ. மேல் இல்லாததும் பொல்லாததும் எழுதச் சொல்வார்கள், நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் முப்பது வருஷம் சாட்சிக் கூண்டைப் பார்த்த ஒரு மாவட்ட நீதிபதிக்கு பொய் எது, மெய் எது என்று இன்ஸ்பெக்டரை விடக் குறைவாகவா தெரியும்? பொய்ப் புகார் என்று அவர் எழுதி மூடினால் ஊரும் நம்பும், இப்போது உண்மையிலேயே பொய்ப் புகாராக இருந்தாலும் 'உள்ளேயே அமுக்கிட்டாங்க' என்றுதானே பேசுகிறோம். இன்னொன்று, சாத்தான்குளத்தில் நடந்ததை நடுவரிடம் தைரியமாகச் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவர் மாதிரி ஆட்கள் எல்லா ஸ்டேஷனிலும் ஒருவராவது இருப்பார். அவர் போய்ச் சொல்வதற்கு இன்று ஓர் இடம் இல்லை, மேலதிகாரியிடம்தான் சொல்ல வேண்டும், அந்த மேலதிகாரி அடித்தவருக்கும் மேலதிகாரி.

தண்டனை என்று நாம் பேப்பரில் படிப்பதும் ஒரு வேடிக்கை. "ஆயுதப்படைக்கு மாற்றம்" என்று கொட்டை எழுத்தில் வரும். ஆயுதப்படையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விட அவமானம் வேறு என்ன வேண்டும், அவர்கள் வேலையே ஒரு தண்டனையா? கொஞ்ச மாதம் போனால் அதே ஆள் வேறு ஊர் ஸ்டேஷனில் இருப்பார், அது பேப்பரில் வராது. ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ரவுடி கையில் மாவுக்கட்டுப் படத்தைப் போட்டு 'வழுக்கி விழுந்தார்' என்று நையாண்டியாகத் தலைப்பு வைக்கிறோமே, வாசகர்களான நாங்களும் அதைப் பார்த்துச் சிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, ரவுடிக்குக் கட்டியதும் லோடுமேனுக்குக் கட்டியதும் ஒரே மாவுதான். நானும் சிரித்தவன்தான், அந்த அம்மா வரும் வரைக்கும்.

கேட்பது அதிகமில்லை. 2013 சட்டத்தில் அந்த இரண்டு ஆணையங்களின் தலைவர் யார், உறுப்பினர் யார் என்று சொல்லும் பகுதியை மாற்றி, உச்ச நீதிமன்றம் சொன்னபடி நீதிபதிகளைப் போடுங்கள். விசாரிக்க, பணியில் இருக்கும் போலீஸ் இல்லாத ஆட்களைக் கொடுங்கள். அலுவலகம் எஸ்.பி. அலுவலக வளாகத்தில் வேண்டாம், மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு அறை கொடுத்தாலும் போதும். புகார் கொடுத்தவரை எந்தக் காரணத்துக்காகவும் சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது என்று ஒரு வரி, அது மட்டும் கொட்டை எழுத்தில். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசியதை மறந்துவிடுகிறார்கள், ஆகவே உங்கள் பத்திரிகை, அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின் போதாவது, மாவட்டப் புகார் ஆணையங்களுக்கு இதுவரை எத்தனை மனு வந்தது, எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்று மாவட்ட வாரியாகக் கேட்டு வாங்கிப் போட்டால் நல்லது. என் கடைக்கு வந்தவர்களில் அப்படி ஒரு ஆணையம் இருப்பதாகக் கேள்விப்பட்டவர் ஒருவர் கூட இல்லை.

அந்த அம்மா போன திங்கட்கிழமை மறுபடி வந்திருந்தார். போலீஸ் விஷயம் இல்லை, ரேஷன் கார்டில் மகள் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்த வேண்டும். அடித்துக் கொடுத்தேன். ஸ்டாம்ப் ஒட்டி மடித்துப் பையில் வைத்தவர், படி இறங்கும் முன் திரும்பிக் கேட்டார்: "இது ஸ்டேஷனுக்குப் போகாதுல்லண்ணே?"

போகாதும்மா, தாலுகா ஆபீசுக்குத்தான் போகும் என்றேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)